குழந்தைகள் உள்ளே வரக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மையத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அங்கே இருக்கிற பதினேழு பூட்டும் நான் போட்டதுதான். எட்டு மாதமாக ஒரு பூட்டுகூடத் தகராறு பண்ணவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவை அவை மட்டும்தான் என்பது என் அபிப்பிராயம்.

சிறார் மனமகிழ்வு மையம் என்று அதற்குப் பெயர். எங்கள் பேட்டையில் இருக்கிற சின்னக் குழந்தைகளின் மனசைக் கவனித்துக்கொள்வதற்காகக் கட்டினார்கள். வாசலில் ஒரு பெரிய பலகை இருக்கும். பல் தெரியச் சிரிக்கிற குழந்தைப் படம் போட்டு, ‘ஒவ்வொரு பிஞ்சு மனதுக்கும் எங்கள் கதவு திறந்தே இருக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே இன்னொரு சின்னப் பலகை. அதில், ‘குழந்தைகள் உள்ளே வரக் கூடாது.’ பூட்டு மாட்டப் போன நாட்களில் இரண்டையும் தினமும் பார்த்தேன். வேறு ஏதோ ஆபீசுக்குப் போக வேண்டிய பலகையை இங்கே மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நமக்கு எதற்கு ஊர் வம்பு என்று என் வேலையைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மகள் பேச்சை நிறுத்தியபோதுதான் அந்தச் சின்னப் பலகையைச் சரியாகப் படித்தேன்.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர். நாலரை வயது. காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்துவிடுவாள். என் கடையில் வந்து உட்கார்ந்தால் போதும், சாவி போட வந்தவரிடம் அவர் வீட்டில் எத்தனை கதவு, எந்தக் கதவு கிறீச்சென்று கத்தும், பழைய சாவியைத் தொலைத்தது யார், தொலைத்தவருக்குத் திட்டு விழுந்ததா இல்லையா, எல்லாவற்றையும் விசாரித்துவிடுவாள். ‘கொஞ்ச நேரம் சும்மா இரேன்டி’ என்று நானும் என் மனைவியும் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்போம். 

ஒரு திங்கட்கிழமை பாலர் வகுப்பிலிருந்து வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்தோம். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், பேச்சு மட்டும் வரவில்லை. வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. சலவைக் கடையில் துணி தேய்க்கிற என் மனைவி, வேலையிலிருந்து வந்ததும் மகளை மடியில் போட்டுக்கொண்டு, “ஒரே ஒரு தடவை அம்மான்னு சொல்லுடி, போதும்” என்று கெஞ்சுவாள். குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணில் தண்ணீர் நிற்கும்.

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசில் ஏதோ இருக்கிறது, அதற்கென்றுதான் மையம் கட்டியிருக்கிறார்களே, அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். பாலர் வகுப்பு டீச்சரைப் போய்க் கேட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “இப்பதாங்க வழிக்கு வந்திருக்கா. தங்கமான பிள்ளையா ஆயிட்டா” என்று சொல்லி, சுவரில் என் மகள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒன்பது நட்சத்திரத்தைக் காட்டினார். எல்லாம் அமைதிக்காகக் கொடுத்ததாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சு நின்ற அன்றிலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. கடையில் நான் பழைய சாவிகளைப் போட்டு வைக்கிற பெட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றாக எடுப்பாள், வாயில் வைப்பாள், கீழே போடுவாள். துரு பிடித்த சாவியை வாயில் வைக்கிறாளே என்று கையில் ஒரு அடி போட்டேன். ஒரு நாள் இல்லை, நாலைந்து நாள் போட்டேன்.

முதல் தடவை மையத்துக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வாசல் காவலுக்கு ஒரு அக்கா உண்டு. காக்கிச் சட்டை, இடுப்பில் பதினேழு சாவி கோத்த வளையம். சாவி எல்லாம் நான் போட்டது என்பதால் என்னை நன்றாகத் தெரியும். “நீங்க உள்ள போங்க தம்பி. பாப்பா இங்க என்கூட இருக்கட்டும். குழந்தைங்கள விட்டா எனக்கு வேலை போயிடும்” என்றார். தினமும் முப்பது குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதுதான் தன் உத்தியோகம் என்றும், ராத்திரி சோறு இறங்கவில்லை என்றும் சொன்னார்.

உள்ளே ஒரு கிளார்க் இருந்தார். பேனாவை மூடி திறந்து மூடி திறந்து பேசுகிற மனுஷன். குழந்தைகள் மையத்தில் குழந்தையை ஏன் விடுவதில்லை என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். குழந்தைகள் வந்து போகிற இடம் எதுவாக இருந்தாலும் அதற்குக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கொடுக்க வருகிறவர்கள், இந்த இடத்தைக் குழந்தைகள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். குழந்தைகள் பயன்படுத்த வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும்.

“அப்ப எப்பதாங்க முடியும்?”

“முடிஞ்சிடுச்சே. அதுக்குத்தான் பதிலாள் முறை கொண்டு வந்திருக்கோம்” என்றார் கிளார்க், பேனாவைத் திறந்து.

பதிலாள் முறை என்றால், குழந்தைக்குப் பதிலாகப் பெரியவர் யாராவது உள்ளே வந்து குழந்தையாக இருக்க வேண்டும். ஆலோசனை, விளையாட்டு, மருந்து மாத்திரை எல்லாம் பதிலாளுக்கு. அவர் வீட்டுக்குப் போய்ப் பலனைக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும். எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். அது குடும்பத்தின் பொறுப்பு, மையம் தலையிடாது என்றார். பிறகு படிவத்தை நிரப்பினார். பால் பல் எத்தனை, விரல் சூப்புகிற பழக்கம் உண்டா, படுக்கையில் ஒன்றுக்குப் போவதுண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வரவில்லையே, வந்திருக்கிறவரைப் பற்றித்தான் எழுத முடியும் என்றார். இல்லை என்று மூன்றுக்கும் சொன்னேன். என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார். ‘நாலரை வயது, பெண்’ என்று இருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு ஆலோசனை. ஆலோசகர் மேடம் ரொம்ப நல்லவர். குரலைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து, “நம்ம செல்லத்துக்கு என்ன கோவம்?” என்று என்னைக் கேட்டார். எனக்கு நாற்பத்திரண்டு வயது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு முழ உயரம்கூட இல்லை. எழுந்தால் அதுவும் கூடவே எழுந்தது. மேடம், என் பொண்ணு பத்து நாளாகப் பேசவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். இந்த அறைக்குள் நான்தான் என் மகளாம். மகள் பேசமாட்டாள் அல்லவா, அதனால் நானும் பேசக் கூடாது. பேசினால் ‘குழந்தை பேசுகிறது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட வேண்டியிருக்கும், எப்படி வசதி என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் நாற்பது நிமிஷம் என்னை ஏன் பேசவில்லை என்று கேட்டார். கடைசியில், ‘ஒத்துழைப்பு இல்லை. பிடிவாதம். வயதுக்கு மீறிய மீசை’ என்று எழுதினார்.

இப்படி நாலு தடவை போயிற்று. களிமண் உருட்டினேன். மணி கோத்தேன். மஞ்சள் பந்து வேண்டுமா நீலப் பந்து வேண்டுமா என்று கேட்டபோது, பதில் சொல்ல வழியில்லாமல் நீலத்தை எடுத்தேன், அதற்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்தால் என் மகள் வாசல் படியில், அந்த அக்காவின் காலடியில் உட்கார்ந்திருப்பாள். அவள் மட்டுமில்லை, உள்ளே பதிலாள்களாக இருக்கிற எல்லோருடைய பிள்ளைகளும் அங்கேதான் கிடந்தார்கள். ஒரு பையன் மண்ணைத் தோண்டுவான், ஒரு பெண் ஓயாமல் அழுவாள், அந்த அக்கா ஒன்றைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இன்னொன்றின் மூக்கைத் துடைத்துவிடுவார். என் மகள் அக்காவின் சாவி வளையத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பாள், விடச் சொன்னால் விடமாட்டாள்.

ஐந்தாவது தடவை படம் வரையச் சொன்னார்கள். மனசில் இருப்பதை வரை செல்லம் என்றார் மேடம். எனக்கு வரையத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பூட்டு வரைந்தேன், துளை, வளைவு, ஆணி எல்லாம் அளவாக.

மேடம் அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து போய் இயக்குநரையே அழைத்து வந்துவிட்டார். இயக்குநர் பெரிய மனுஷர், பேச ஆரம்பித்தால் மூச்சு எங்கே விடுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். குழந்தையை வீட்டில் அடைத்து வைக்கிறார்கள், அப்பா கொடுமைக்காரராக இருக்க வேண்டும், உடனே அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்புங்கள் என்றார். அந்த அப்பா நான்தான் ஐயா என்று வாய்வரை வந்தது. பேசினால் கோப்பை மூடிவிடுவார்களே என்று விழுங்கினேன்.

நோட்டீஸ் என் அப்பாவுக்குப் போயிற்று. பதிவேட்டின்படி நான் குழந்தை, அப்படியானால் குழந்தையின் அப்பா என் அப்பாதானே. எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மொடமொடப்பான சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்தார். இவ்வளவு வருஷத்தில் என்னைப் பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. விடுவாரா? ஒரு மணி நேரம் பேசினார். நாலு வயதில் நான் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்தது, ஐந்து வயதில் அவருடைய விசிலை முழுங்கப் பார்த்தது, கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்காதது, எல்லாம் கோப்பில் ஏறிற்று. மேடம் கேட்டுக்கொண்டே குறித்தார். கடைசியில் அவருக்கு ஒரு சீட்டு கொடுத்தார். ஒரு மாதம் தினமும் காலையில் குழந்தையின் தலையைத் தடவி, ‘நீ நல்ல பிள்ளை’ என்று சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அப்பா சட்டத்துக்குப் பயந்தவர். மறுநாள் காலை கடைக்கு வந்தார். நான் அரத்தால் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று என் வழுக்கையில் கையை வைத்து, “டேய். நீ நல்ல பிள்ளைடா” என்றார். அவசரமாகச் சொல்லிவிட்டுச் சீட்டில் தேதியைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஆனால் நான் போனது அதற்கில்லையே. என் மகள் அந்த மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சாவிப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பதிலாள்கள் பதினாலு பேரையும் இயக்குநர் கூடத்துக்கு அழைத்தார். மேலிடத்திலிருந்து ஒரு குழு வரப்போகிறது, பேட்டைகளிலேயே மகிழ்ச்சியான பேட்டை எது என்று பார்த்து விருது கொடுக்கப்போகிறது. நாங்கள் முழ உயர நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

“நம்ம மையம் ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆகுது” என்றார் இயக்குநர். “இந்த எட்டு மாசத்துல ஒரு குழந்தைகூட இங்க அழுததில்ல. ஒரு சுவத்துலயாவது கிறுக்கல் இருக்கா? வந்து பாருங்க. விளையாட்டு அறையில ஒரு பொம்மை உடையல, எல்லாம் பெட்டி பிரிக்காம அப்படியே இருக்கு. ஒருத்தர் கீழ விழல, ஒருத்தர் வாந்தி எடுக்கல. குழந்தைகளுக்காகவே நடக்கிற ஒரு இடம் இவ்ளோ அமைதியா இருக்குன்னா, அதுக்குப் பின்னாடி எவ்ளோ உழைப்பு இருக்கும்னு நீங்க யோசிச்சுப் பாக்கணும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். ‘மூன்று வயது, ஆண்’ என்று அட்டை மாட்டியிருந்த ஒரு தச்சர் ரொம்ப நேரம் தட்டினார். அவர் முந்தின வாரம்தான் நன்னடத்தைக்குப் பரிசாகப் பொம்மை வாங்கியிருந்தார்.

விருதுக்கு, மையத்தால் குணமடைந்த ஒரு குழந்தை வேண்டுமாம். கோப்புகளைப் புரட்டி என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். விழா அன்றைக்கு மேடையில் நான் மைக்கைப் பிடித்து, முதல் தடவையாக, ‘அப்பா’ என்று சொல்ல வேண்டும். என் அப்பா ஓடி வந்து கட்டிக்கொண்டு அழ வேண்டும். இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. அப்பா பிரமாதமாக அழுதார். நான்தான் சரியாகச் சொல்லவில்லை என்று மூன்று தடவை திருத்தினார்கள். குழந்தை மாதிரி இல்லையாம், கடன்காரன் மாதிரி இருக்கிறதாம். என் மகளைப் பற்றிக் கேட்கத் தைரியம் வந்து, ஐயா, அவளை எப்போது பார்ப்பீர்கள் என்றேன். “யாரை?” என்றார் இயக்குநர்.

விழா நாள். பேச்சு நின்று முப்பத்தேழாவது நாள். மகளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தோளில் வேலைப் பையும் இருந்தது, அது இல்லாமல் நான் தெருவில் இறங்குவதில்லை. அப்பா மொடமொடப்பாக உள்ளே போனார். நானும் போகத் திரும்பியபோது வாசல் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“தம்பி, ஒரு நிமிஷம். நேத்து உங்க பொண்ணு என் சாவி பதினேழையும் ஒவ்வொன்னா வாயில வெச்சுத் திருப்பிப் பாத்துட்டா. கடைசி சாவியும் சேரலன்னதும் தலையில கை வெச்சுட்டு உக்காந்துட்டா. என்னடா கண்ணு, வாயில என்ன பூட்டா போட்டிருக்குன்னு சும்மாதான் கேட்டேன். ஆமான்னு தலையாட்டறா.”

எனக்கு எதுவும் புரியவில்லை. அக்கா என் மகளைப் பார்த்து, “அப்பாவுக்குக் காட்டு கண்ணு, எனக்குக் காட்டினியே” என்றார்.

என் மகள் எழுந்து நின்றாள். இரண்டு விரலை வட்டமாக்கிக் கண்ணில் வைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அது டீச்சர். டீச்சர் குனிந்து ஒரு குழந்தையின் உதட்டைச் சேர்த்துப் பிடித்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சாவியை உதட்டில் வைத்து, ஒரு திருப்பு திருப்பினார். பிறகு நடந்து போய், ஜன்னல் வழியாகச் சாவியை வெளியே வீசினார். அவ்வளவுதான். என் மகள் மறுபடியும் என் மகளாகி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

எத்தனை டீச்சர்கள் எத்தனை பிள்ளைகளிடம் இந்த விளையாட்டைக் காட்டியிருப்பார்கள். இந்த டீச்சரே அந்த வகுப்பில் இருபது பிள்ளைகளுக்குப் பூட்டியிருப்பார். இருபதும் கதவைத் தாண்டுவதற்குள் கத்த ஆரம்பித்திருக்கும். ஆனால் என் மகள் பூட்டுக்காரன் மகள். பிறந்ததிலிருந்து என் கடையில் வளர்ந்தவள். பூட்டின பூட்டு சாவி இல்லாமல் திறக்காது, அடித்தாலும் திறக்காது, கெஞ்சினாலும் திறக்காது என்று நான்தான் வருகிறவர்கள் எல்லோரிடமும் அவள் எதிரில் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு நாளாக என் குழந்தை என் பெட்டியில் தன் சாவியைத் தேடியிருக்கிறாள். நான் கையில் அடித்திருக்கிறேன். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உள்ளே மைக் கூப்பிட்டது. “நாலரை வயது, பெண். மேடைக்கு வரவும்.”

நான் வாசல் படியில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். விரலை வைத்து நானும் ஒரு திருப்பு திருப்பியிருக்கலாம்தான். ஆனால் அவளை அப்படியெல்லாம் ஏமாற்ற முடியாது, தொழில் தெரிந்தவள். டார்ச்சை எடுத்து அவள் உதட்டருகே அடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். “இரண்டு அடுக்குப் பூட்டு. சாப்பாட்டுக்குத் திறக்கும், பேச்சுக்குத் திறக்காது. நல்ல கம்பெனிச் சரக்கு” என்றேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பல் வெட்டாத புதுச் சாவி ஒன்றை எடுத்தேன். சின்னது, பித்தளை. கிடுக்கியில் பிடித்து ராவ ஆரம்பித்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள், அழுகிற பெண்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

கிளார்க் ஓடி வந்தார். மேடையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், உங்கள் அப்பா ஏற்கெனவே அழ ஆரம்பித்துவிட்டார், நிறுத்த முடியவில்லை என்றார். வேலையாக இருக்கிறேன் என்றேன். பேனாவை மூடித் திறந்துகொண்டே திரும்பி ஓடினார்.

சாவியைத் துணியில் துடைத்து, அவள் உதட்டில் வைத்துத் திருப்பினேன். அவள் தலையை ஆட்டினாள். சேரவில்லை. மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது பல் கொஞ்சம் உயரம். இரண்டு இழுப்பு ராவினேன், தூசியை ஊதினேன், மறுபடி வைத்துத் திருப்பினேன். இந்தத் தடவை நாக்கை மேலண்ணத்தில் தட்டி, நல்ல பூட்டு திறக்கிற சத்தம் கொடுத்தேன். டக்.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். இன்னொரு தடவை திறந்தாள்.

“உன்கிட்ட சொல்லணும்னு பாத்தேம்ப்பா” என்றாள். “பூட்டியிருந்துச்சா, அதான் சொல்ல முடியல.”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒத்திகை எதுவும் பார்க்காமலே நன்றாக வந்தது. அக்காவும் அழுதார். என் மகள் அழவில்லை, அவளுக்கு நேரமில்லை. முப்பத்தேழு நாள் பேச்சு சேர்ந்து போயிருந்தது. வாசல் அத்தைக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை, இந்தப் பையன் மண்ணைத் தின்கிறான், தாத்தா தினமும் உன் தலையைத் தடவிவிட்டுக் கையைச் சட்டையில் துடைக்கிறார், அம்மாவிடம் இப்போதே போக வேண்டும், துருப்பிடித்த சாவி உப்புக் கரிக்கும், பித்தளைச் சாவி அவ்வளவு மோசமில்லை. தெருவெல்லாம் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனாள்.

மேடையில் குழந்தை கிடைக்காததால் விழா நடுவிலேயே நின்றுவிட்டது. இயக்குநர் குழுவினரை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். கூடவே போட்டோக்காரர்களும் வந்தார்கள். குழுவின் தலைவி வயதான அம்மா, அதுவரை எதையும் ரசித்த மாதிரி தெரியவில்லை. என்ன சத்தம் அது என்று கேட்டார்.

“மன்னிக்கணும் மேடம்” என்றார் இயக்குநர். “வெளிய ஏதோ குழந்தைங்க. எப்படியோ வந்துடுது. உடனே அப்புறப்படுத்திடறோம். நம்ம மையத்தோட அமைதியைப் பத்தி நான் பதினாலு பக்கம் தயார் பண்ணி வெச்சிருக்கேன், இங்கயே படிச்சுடறேன்.” காகிதத்தைப் பிரித்துக்கொண்டே என் மகளைப் பார்த்து, “பாப்பா, சத்தம் போடக் கூடாது” என்றார்.

என் மகள் அவரையும் காகிதத்தையும் பார்த்தாள். என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். குனியுங்கள் என்று அவருக்குக் கை காட்டினாள். குழந்தை கூப்பிடுகிறது, போட்டோக்காரர்கள் எதிரில் நிற்கிறார்கள், என்ன செய்வார், சிரித்துக்கொண்டே குனிந்தார். அவள் அவருடைய இரண்டு உதட்டையும் சேர்த்துப் பிடித்து, சாவியை வைத்து, நான் திருப்பியதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு திருப்பு திருப்பினாள். அந்த டக் சத்தத்தையும் அவளே கொடுத்தாள். பிறகு ஓடிப் போய்க் கையை ஓங்கி, சாவியை எங்கேயோ வீசிவிட்டு வந்தாள்.

குழுத் தலைவி விழுந்து விழுந்து சிரித்தார். “சாவி கிடைக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. குழந்தை ஏமாந்துடும்” என்றார். மேலிடம் சொன்னால் சொன்னதுதானே. இயக்குநர் பதினாலு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, அவர்கள் வண்டி ஏறுகிற வரைக்கும் நின்றார். அந்தப் பேட்டையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

மற்றபடி எல்லாம் முறைப்படி நடந்தது. பதிலாள் மேடை ஏறாததால் என் மகள் இன்னும் பேசவில்லை என்று கோப்பில் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் வரச் சொல்லிக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. வாசல் அக்காவுக்கு, அனுமதியில்லாமல் குழந்தையோடு பேசியதற்கு விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. அவர் ஒரே வரி எழுதிக் கொடுத்தார், ‘கேட்டுக்கு வெளியேதான் பேசினேன்.’ அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிள்ளைகள் இப்போதும் அந்தப் படியில்தான் இருக்கிறார்கள். டீச்சரிடம் போய்ச் சண்டை போட்டேன். சும்மா விளையாட்டுக்குத்தானே என்று அழுதார், பிறகு அந்த நட்சத்திரங்களை எடுத்துவிட்டார். என் அப்பா இன்னும் தினமும் காலையில் வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார். சீட்டில் அந்தக் கெடு முடிந்து மூன்று வாரமாகிறது. நான் சொல்லவில்லை.

மையத்திலிருந்தே இரண்டு மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். கிளார்க்கும் வந்தார், ஆலோசகர் மேடமும் வந்தார். இயக்குநருக்குப் போட்ட அந்தச் சாவிக்கு இன்னொன்று கிடைக்குமா, மாதாந்தரக் கூட்டத்துக்கு ரொம்ப உதவியாக இருக்கும் என்று தனித்தனியே ரகசியமாகக் கேட்டார்கள். மாதிரிச் சாவி இல்லாமல் போட முடியாது என்றேன்.

அது எங்கே விழுந்தது என்று என் மகளுக்குத்தான் தெரியும். எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டேன். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் பேச ஆரம்பித்து இரவு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்கிறாள், அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.